பாலாற்றின் கதி ஒரு சவ்வின் கையில்!

ஆம்பூர்த் தோல் காலணியாகி உலகமெங்கும் நடக்கிறது. ஆனால் அதைப் பதனிட்ட கழிவுநீரோ பாலாற்றுப் படுகையிலேயே தங்கிவிட்டது. கிணறுகள் உவர்த்தன, வயல்கள் பாழாயின.

1996-ம் ஆண்டு ஆகஸ்டில், வேலூர் குடிமக்கள் தொடுத்த வழக்கில், "மாசு செய்தவரே ஈடு செய்ய வேண்டும்" என்ற கோட்பாட்டை சுப்ரீம் கோர்ட் நிலைநாட்டியது. 2025 ஜனவரியில் மறுபடியும் ஒரு தீர்ப்பு: பாதிக்கப்பட்டோருக்கு அரசு முதலில் நஷ்டஈடு கொடுத்துவிட்டு, மாசு செய்தவர்களிடம் அதை வசூலிக்க வேண்டும்.

பழைய சேதத்துக்கு நஷ்டஈடு உண்டு. இனிச் சேதம் நேராமல் காப்பது எது? தலைமயிரின் பருமனில் நூறில் ஒரு பங்குகூட இல்லாத ஒரு பாலிமர் படலம்!

உப்பும் புரதமும்

அழுகாமலிருக்க உப்பிட்ட தோல்கள்தான் தொழிற்சாலைக்கு வருகின்றன. ஊறப்போடும்போது அந்த உப்பு நீரில் இறங்குகிறது. சுண்ணாம்பிட்டு ரோமம் நீக்கும்போது புரதமும் கரைகிறது. பொதுச் சுத்திகரிப்பு நிலையங்களில் புரதத்தின் பெரும்பகுதியை நுண்ணுயிர்கள் தின்றுவிடும், உப்பைத் தின்னா. ஆகவேதான் ஆர்.ஓ. சவ்வு வந்தது. அதன் மேல்படலம் பாலியமைடு. அழுத்திச் செலுத்தினால் நீர் கடந்துவிடும், உப்பு தங்கிவிடும்.

சவ்வின் பகை

மிச்சமிருக்கும் புரதம் முதலில் சவ்வில் ஒட்டுகிறது. பாய் விரித்ததுபோல் அதன்மேல் கிருமிகள் குடியேறிப் பெருகி, வழவழப்பான பாசியாக மூடுகின்றன. நீர் குறைகிறது; மின்சாரச் செலவு ஏறுகிறது. குளோரின் கலந்து கொல்லலாமே என்றால், பாலியமைடும் கூடவே கெட்டுப்போகும்! காரத்தாலும் அமிலத்தாலும் கழுவலாம்; அடிக்கடி கழுவினால் சவ்வின் ஆயுள் குறையும்.

நீரே கவசம்

நீரை வெறுக்கும் பரப்பில் புரதம் எளிதில் ஒட்டும். நீரை விரும்பும் பாலிமரைப் பூசினால், அது மெல்லிய நீர்ப்போர்வையைத் தன்மேல் பிடித்துக்கொள்ளும். புரதத்துக்குப் பிடி கிடைக்காது. பாலிஎதிலீன் கிளைக்கால் இத்தகையது. உடலுக்குள் வைக்கும் மருத்துவக் குழாய்களுக்கும் இதே உத்தி உண்டு.

ஆனால் பூச்சு ஒட்டுதலைத் தாமதப்படுத்துமே தவிர, அறவே ஒழிக்காது. உண்மையான வைத்தியம் தோல் தொட்டியிலேயே தொடங்க வேண்டும். ஊறப்போடுமுன் உப்பை உதறி எடுக்க வேண்டும். ரோமத்தைக் கரைக்காமல் முழுதாகப் பிரிக்க வேண்டும். அதற்கான நொதி முறைகளை, 1948-ல் தோன்றிய சென்னை மத்திய தோல் ஆராய்ச்சி நிலையம் உருவாக்கியிருக்கிறது.

சிறு தொழிற்சாலைக்காரருக்கு இது செலவுதான். ஆனால் சவ்வு அடைபட்டு நிலையம் திணறினால், கழிவுநீர் போகும் இடம் பாலாறுதான். எனவே நிலையம் இருக்கிறதா என்று பார்ப்பது மட்டும் போதாது. சவ்வைக் கடந்து எவ்வளவு நீர் வருகிறது, அழுத்தம் எவ்வளவு ஏறியிருக்கிறது என்பதையும் அதிகாரிகள் இடைவிடாது கவனிக்க வேண்டும். அந்தக் கணக்கு ஊரார் கண்ணிலும் படட்டும். கிணறு உவர்த்த பிறகு நஷ்டஈடு வாங்குவதைவிட, கிணறு உவர்க்காமல் காப்பதல்லவா மேல்?