உரத்தில் உயிர் உண்டா? மலையிலேயே பார்க்க வழி வேண்டும்

ஜவ்வாது மலையின் காவலூரில் 1986-ஆம் ஆண்டு முதல் 2.34 மீட்டர் விட்டமுள்ள தொலைநோக்கி ஒன்று இயங்கி வருகிறது. எட்டாத தூரத்து நட்சத்திரங்களை அது காட்டுகிறது. அதே மலையில் சாமை பயிரிடும் விவசாயி, தான் காசு கொடுத்து வாங்கும் நுண்ணுயிர் உரத்தில் உயிர் இருக்கிறதா என்று பார்க்க ஒரு வழி வேண்டாமா?

சாமை, கேழ்வரகு போன்ற பயிர்களுக்கு அசோஸ்பைரில்லம் என்ற நுண்ணுயிர் உரம் பரிந்துரைக்கப்படுகிறது. இது காற்றிலுள்ள தழைச்சத்தை வேர்ப்பகுதியில் நிலைப்படுத்துவதுடன் வேர் வளர்ச்சியையும் தூண்டுகிறது. ஆனால் யூரியாவைப் போல இதை மூட்டையில் கட்டி வைத்திருக்க முடியாது. இதில் இருப்பவை உயிருள்ள பாக்டீரியாக்கள். தூள் வடிவ உரத்தின் ஒரு கிராமில் குறைந்தது 5 கோடி உயிருள்ள செல்கள் இருக்க வேண்டும் என்பது அரசின் தரக்கட்டுப்பாடு. 200 கிராம் பொட்டலம் என்றால் 1,000 கோடி. சித்திரை, வைகாசி வெயிலில் சமவெளியிலிருந்து வண்டியில் வந்து, தகரக் கூரையின் கீழ் கிடந்தால் இவை மடிந்துவிடும். மடிந்த பின்னும் தூளைப் பார்த்துக் கண்டுபிடிக்க இயலாது. விளைச்சல் கூடாதபோது, "இந்த உரமே வீண்" என்று விவசாயி ஒதுக்கிவிடுகிறார். பழி உரத்தின் மீது விழுகிறது.

இந்த இடத்தில்தான் மைக்ராஸ்கோப் எனப்படும் நுண்ணோக்கி உதவும். 1665-இல் இங்கிலாந்தின் இராபர்ட் ஹூக் தக்கைச் சீவலில் கண்டது செத்த செல்களின் சுவர்களை மட்டுமே. அடுத்த சுமார் பத்து ஆண்டுகளில், ஹாலந்து நாட்டுத் துணி வியாபாரி லீவன்ஹூக், தாமே தேய்த்த கண்ணாடி வில்லையின் வழியே நீர்த்துளியில் ஓடித்திரியும் உயிர்களைக் கண்டார். உயிருள்ள செல் நீரைப் போலத் தெளிவாக இருப்பதால் எளிதில் புலப்படாது. உலர்த்திச் சாயம் ஏற்றினால் நன்றாகத் தெரியும்; ஆனால் செல் செத்துவிடும். சாயமின்றியே அதைக் காட்டும் முறையைக் கண்டறிந்த டச்சு அறிஞர் செர்னிகே 1953-இல் நோபல் பரிசு பெற்றார். எலெக்ட்ரான் நுண்ணோக்கி இன்னும் பல மடங்கு பெரிதாக்கும். ஆனால் வழக்கமாகக் காற்றில்லாத அறைக்குள் வைத்துப் பார்ப்பதால் உயிருள்ள செல்லுக்கு அது ஒத்துவராது. ஆகவே உயிரைப் பார்க்க ஒளி நுண்ணோக்கியே ஏற்றது.

உரத்தில் ஒரு சிட்டிகை எடுத்து, தழைச்சத்து சேர்க்காத இளகிய ஊட்டக் கூழில் இட்டு வைத்தால், சில நாட்களில் மேற்பரப்புக்குச் சற்றுக் கீழே மெல்லிய வெண் படலம் தோன்றும். அதில் ஒரு துளியை நுண்ணோக்கியில் வைத்தால், மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு அளவே தடிமனுள்ள வளைந்த குச்சிகள் சுழன்று சுழன்று ஓடுவது தெரியும். செத்த செல்லும் தூசியும்கூட நீரில் இருந்த இடத்திலேயே நடுங்கும். திசை பிடித்து ஓடுவதே உயிரின் அடையாளம். இதில் உயிர் உண்டா என்பது தெரியும். எத்தனை கோடி என்பது தெரியாது. எண்ணிக்கைக்கு ஆய்வுக்கூடச் சோதனை அவசியம்.

எனவே, ஒவ்வொரு விதைப்புக்கு முன்பும் மலைக்கு வரும் ஒவ்வொரு சரக்கிலும் ஒரு பொட்டலத்தை ஜமுனாமரத்தூரிலேயே சோதிக்க வேண்டும். எண்ணிக்கைச் சோதனையைச் சமவெளி ஆய்வுக்கூடத்தில் செய்து, முடிவை எழுதி ஒட்ட வேண்டும். திருவண்ணாமலை அருகே அத்தியந்தலில் வேளாண்மைப் பல்கலைக்கழகத்தின் சிறுதானிய மகத்துவ மையம் இருப்பதால் வழிகாட்டுதலுக்குக் குறைவில்லை. விவசாயிகளையும் அழைத்து, அவர்கள் கண்ணாலேயே பார்க்கச் செய்ய வேண்டும்.

மலை விவசாயிக்கு நுண்ணோக்கி எதற்கு என்று சிலர் கேட்கலாம். கண்ணாடி பொருத்திய சாதாரண நுண்ணோக்கி மின்சாரம் இல்லாமலும் பகல் வெளிச்சத்தில் வேலை செய்யும். பூஞ்சணம் பிடிக்காமல் பாதுகாத்தால் பல ஆண்டுகள் உழைக்கும். தவறிப்போன ஒரு பட்டமோ திரும்ப வராது.

விவசாயிகளின் பொறுப்பும் உண்டு. காலாவதித் தேதியைப் பார்த்து வாங்குங்கள். பொட்டலத்தை நிழலில், பூச்சிமருந்துக்கும் ரசாயன உரத்துக்கும் எட்டி வையுங்கள். ஆறிய கஞ்சியில் கலந்து விதையில் பூசி, நிழலில் உலர்த்தி, உடனே விதையுங்கள். "இதில் உயிர் இருக்கிறதா, காட்டுங்கள்" என்று கேளுங்கள். அது உங்கள் உரிமை.