தாய்ப்பன்றி செத்தால் தலைவிதியா? காரணம் சொல்! இழப்பீடு கொடு!



114 நாள் சினை சுமக்கும் தாய்ப்பன்றிதான் நம் பண்ணையின் முதல். அது செத்தால் வயிற்றுக்குட்டியும் போச்சு, பாலுக்கு அலையும் குட்டியும் போச்சு. கடன் மட்டும் நம் தலையில் நிற்கிறது. முறையிடப் போனால் ஒரே பதில்: "சுத்தமா வெச்சுக்கலை, அதான் செத்துச்சு."

நம் தப்பை நாம் மறைக்கவில்லை. பன்றிக்கு வியர்த்துச் சூடு தணியாது. சித்திரை வெயிலில் தகரக் கொட்டகைக்குள் நிறைசினைப் பன்றி மூச்சிரைத்தே சாகும். பால் கொடுக்கும் பன்றிக்கு நாளுக்கு 20 லிட்டருக்கு மேல் தண்ணீர் வேண்டும். உப்பு மிகுந்த ஹோட்டல் மிச்சத்தைத் தின்றுவிட்டுத் தண்ணீர் கிடைக்காவிட்டால் வலிப்பு கண்டு விழும். ஈன்றபின் நஞ்சுக்கொடி தங்கினால் கருப்பையில் சீழ் பிடித்து, பால் வற்றும். இதையெல்லாம் நாம் தடுக்கலாம், தடுக்கவும் வேண்டும்.

ஆனால் கிருமிக்கு யார் பொறுப்பு?

2020-இல் அசாம், அருணாசலப் பிரதேசத்தில் ஆப்பிரிக்கப் பன்றிக் காய்ச்சல் தெரிய வந்தது. 2023 ஜனவரியில் முதுமலைக் காட்டுப்பன்றிகளிலும் உறுதியானது. இதைக் குணமாக்க மருந்தே கிடையாது. நோய் கண்ட பண்ணையில் அரசு கொல்லும் பன்றிக்குத்தான் இழப்பீடு. அதற்குமுன் தானாகச் செத்ததற்கு ஒண்ணும் இல்லை! ஆய்வக முடிவு வரும்வரை செத்து விழும் தாய்ப்பன்றிகள் யார் கணக்கு?

இந்தப் பயத்தில்தான் சிலர் நோய்ப்பன்றியை ராத்திரியோடு ராத்திரியாக வண்டியேற்றி விற்கிறார்கள். அது அடுத்த ஊர்க்காரனுக்குச் செய்யும் துரோகம், நாம் கண்டிக்கிறோம். ஆனால் சொன்னவனுக்கு நஷ்டம், மறைத்தவனுக்கு லாபம் என்று விதி எழுதினால் நோய் எப்படி அடங்கும்?

நமது கோரிக்கைகள்:

* செத்த தாய்ப்பன்றிக்கு இலவசப் பிரேதப் பரிசோதனை செய்து, காரணத்தை எழுத்தில் கொடு!
* மாவட்டத்திலேயே நோய்ப் பரிசோதனை வசதி செய்!
* தகவல் கொடுத்த நாளிலிருந்து செத்த பன்றிக்கும் இழப்பீடு வழங்கு!
* மற்றொரு நோயான கிளாசிக்கல் பன்றிக் காய்ச்சலுக்குத் தடுப்பூசி இருக்கிறது. அதைக் கொட்டகைக்கே வந்து போடு!

நாமும் உறுதி எடுப்போம்: ஹோட்டல் கழிவைக் கொதிக்க வைக்காமல் போடமாட்டோம். புதுப்பன்றியைத் தனியே கட்டிப் பார்க்காமல் சேர்க்கமாட்டோம். செத்ததை ஓடையில் வீசாமல் ஆழக் குழி தோண்டிப் புதைப்போம்.

கொட்டகையைக் காப்பது நம் கடமை! காரணம் கண்டு சொல்வது அரசின் கடமை!

மாட்டுக்கு ஒரு நியாயம், பன்றிக்கு ஒரு நியாயமா? ஒன்று சேருவீர்! கையெழுத்திடுவீர்!