பலாப்பழத்தைச் சுமப்பவர் யார்?

காஞ்சிபுரத்திலிருந்து உத்திரமேரூர் செல்லும் சாலையில், செய்யாற்றங்கரையில் இருக்கிறது மாகறல். திருஞானசம்பந்தரின் பதிகம் பெற்ற ஊர். தொண்டை நாட்டுத் தேவாரத் தலங்களுள் ஒன்று. மூலவர் திருமேனி உடும்பின் வாலைப் போல் அமைந்திருப்பதால், கோயிலுக்குப் போய் வருபவர்கள் பெரும்பாலும் பொன்னுடும்பின் கதையோடுதான் திரும்புவார்கள். எங்களுக்கோ அந்தக் கதைக்கு முன்னால் வருகிற பலாமரத்தின் கதைதான் நெடுநாளாக உறுத்திக்கொண்டிருக்கிறது. காலைச் சிற்றுண்டிக்கு வீட்டிலேயே பழப்பாகு (ஜாம் என்றே சொல்லிவிடலாம், பாதகமில்லை) செய்வதைப் பற்றி எழுத உட்கார்ந்தபோது, அந்த மரம் தானாக வந்து குறுக்கே நின்றது.

தலபுராணத்தைப் பலரும் பலவிதமாகச் சொல்வார்கள். சாரம் இது. பிரமன் உண்டாக்கிய பலாமரம் ஒன்று மாகறலில் இருந்தது. நாள் தவறாமல் ஒரு பழம் தரும். அந்தப் பழத்தைத் தில்லைக் கூத்தனுக்கு நிவேதித்து, பிறகு சோழ மன்னன் இராசேந்திரனுக்குச் சேர்ப்பிக்க வேண்டும் என்பது ஏற்பாடு. ஊரார் வீட்டு முறை வைத்துச் சுமந்துகொண்டு போனார்கள். முறை ஒருநாள் ஒரு சிறுவனின் வீட்டுக்கு வந்தது. இந்த மரம் இருப்பதால்தானே ஊருக்கு இத்தனை துன்பம் என்று அவன் மரத்துக்கே தீ வைத்துவிட்டான். மன்னன் விசாரித்து, கண்ணைக் கட்டி அவனை நாட்டுக்கு வெளியே விட்டுவரச் செய்தான். அந்தப் பயணத்திலிருந்து திரும்பும் வழியில் மன்னன் கண்ணில் பட்டதுதான் பொன்னுடும்பு. அதன் பிறகு கதை உடும்பின் பின்னால் ஓடிவிடுகிறது. சிறுவன் என்ன ஆனான் என்று கேட்பார் இல்லை.

இது வரலாறு அல்ல என்பதைச் சொல்லியாக வேண்டும். சம்பந்தர் ஏழாம் நூற்றாண்டினர். முதலாம் இராசேந்திரன் ஆண்டது 1014 முதல் 1044 வரை. பதிகம் பாடப்பட்டு ஏறத்தாழ நானூறு ஆண்டுகள் கழித்து வந்த அரசன் அந்தத் தலத்து இறைவனை உடும்பின் வழியே கண்டறிந்ததாகச் சொல்வது காலக்கணக்குக்கு ஒத்துவராது. ஆயினும் கதையைச் சொன்னவர்களுக்குத் தெரிந்திருந்த ஒரு துன்பம் அதில் உண்மையாகவே இருக்கிறது. கணக்கிட்டுப் பாருங்கள். மாகறலிலிருந்து சிதம்பரம் சாலை வழியே 150 கிலோமீட்டருக்கு மேல். தலைச்சுமையோடு நாளொன்றுக்கு முப்பது கிலோமீட்டர் நடந்தாலும் ஐந்து நாள் பயணம். திரும்பி வர இன்னும் சில நாள். நாளுக்கொரு பழம் புறப்படுகிறதென்றால், எந்த நாளில் எண்ணினாலும் எட்டுப் பத்துப் பேர் ஊரில் இல்லாமல் வழியில் இருப்பார்கள். அறுவடை நாளானாலும் சரி, பிள்ளைக்குக் காய்ச்சலானாலும் சரி. பலாவோ பறித்த சில நாட்களில் பழுத்து, பழுத்த ஓரிரு நாட்களில் அழுகத் தொடங்கும் பண்டம். அரசனிடம் போய்ச் சேர்ந்த பழம் எந்த நிலையில் இருந்திருக்கும் என்பதையும் யோசிக்கலாம்.

சிறுவனுக்கு இரண்டு வழிகள்தாம் தெரிந்திருந்தன: சுமப்பது, அல்லது எரிப்பது. மூன்றாவது வழி ஒன்று உண்டு என்பதே இந்தக் கட்டுரையின் வாதம். பழத்தை இருந்த இடத்திலேயே காய்ச்சி நிறுத்திக்கொள்வதுதான் அது.

நிற்க. ஜாம் என்றவுடன் அது வெள்ளைக்காரன் கொண்டுவந்த பண்டம், ரொட்டிக்குப் பூசுவது, நமக்கும் அதற்கும் என்ன உறவு என்று கேட்கிற நண்பர்கள் எங்களிடையேயும் உண்டு. பெயர் வெளியிலிருந்து வந்தது, ஒப்புக்கொள்கிறோம். பண்டம் அப்படியல்ல. நாஞ்சில் நாட்டில் சக்கை வரட்டி தெரியாத வீடு அரிது: பலாச்சுளையை வேகவைத்து மசித்து, வெல்லமும் நெய்யும் சேர்த்து, உருளியில் ஒட்டாமல் திரண்டு வரும்வரை கிண்டி எடுத்து மாதக்கணக்கில் வைத்துக்கொள்வார்கள். யாழ்ப்பாணத்தில் பனம்பழக் களியைப் பாயில் ஊற்றிப் படைபடையாகக் காயவைத்துப் பனாட்டு ஆக்குவார்கள். அதையே பாகில் ஊறவைத்தால் பாணிப்பனாட்டு. பழனிப் பஞ்சாமிர்தமோ அடுப்பே ஏற்றாமல், மலைவாழைப்பழத்தைச் சர்க்கரை, தேன், நெய், பேரீச்சை, ஏலக்காயோடு பிசைந்து, நீர் சேர்க்காததாலும் இனிப்பின் செறிவாலும் கெடாமல் நிற்பது. 2019இல் அதற்குப் புவிசார் குறியீடும் கிடைத்தது. டப்பாவில் மிஞ்சிய பஞ்சாமிர்தத்தைத் தோசையில் தடவித் தின்னாத தமிழ்க் குழந்தை உண்டா? ஆக, பழத்தைப் பூசி உண்ணும் வழக்கத்தை யாரிடமும் நாம் கடன் வாங்க வேண்டியதில்லை.

சொற்கள் போகும் வழியும் வேடிக்கையானது. மலையாளக் கரையின் 'சக்க' போர்த்துகீசியர் வாயில் 'ஜாக்கா' ஆகி, ஆங்கிலத்தில் 'ஜாக்'காக நின்றுவிட்டது. 1563இல் கோவாவில் அச்சான தம் நூலில் கார்சியா த ஒர்த்தா இந்தப் பழத்தைப் பற்றி எழுதியிருக்கிறார். அதே போர்த்துகீசியரின் சீமைமாதுளைப் பாகான 'மார்மெலாதா' ஐரோப்பா முழுக்கச் சுற்றி மார்மலேடு ஆயிற்று. நம்மிடமிருந்து பழத்தின் பெயர் போயிற்று, அவர்களிடமிருந்து பாகின் பெயர் வந்தது. கொடுக்கல் வாங்கல் சரியாகிவிட்டது என்றே கொள்ளலாம்.

கடைப் புட்டிக்கு வருவோம். 2011இல் வெளியான இந்திய உணவுப் பாதுகாப்புத் தர விதிமுறைகளின்படி ஜாம் என்று பெயர் சூட்ட வேண்டுமானால், சில பழங்கள் தவிர்த்து, செய்த பண்டத்தில் நூற்றுக்கு 45 பங்காவது பழம் சென்றிருக்க வேண்டும். கரைந்த திடப்பொருள் 65 விழுக்காட்டுக்குக் குறையக்கூடாது. அதாவது சட்டம் கேட்கும் பழம் பாதிக்கும் குறைவு. கலப்புப்பழ ஜாமின் சிவப்பு எந்தப் பழத்தின் நிறம் என்று குழந்தை கேட்டால் நம்மில் எத்தனை பேரால் பதில் சொல்ல முடியும்? புட்டியின் முதுகில் பொடி எழுத்தில் இருக்கும் பட்டியலை ஒருமுறை படித்துவிட்டு மேலே படியுங்கள்.

எங்களுக்குப் பெரிதாகப் படுவது நிறமூட்டி அல்ல. சித்திரை முதல் ஆடி வரை பலா குவிகிற காலத்தில் விலை சரிந்து சந்தையோரத்தில் ஈ மொய்த்துக் கிடக்கிறது. தமிழகத்தின் மாநிலப் பழம் என்ற பெருமையால் அது அழுகாமல் இருந்துவிடுவதில்லை. அதே வாரத்தில் அதே தெருக் கடையில், எங்கோ விளைந்த பழத்தின் கூழ் அடைத்த புட்டியை நாம் விலை கொடுத்து வாங்கி வருகிறோம். மாகறலில் பழம் ஊரை விட்டுப் போவதற்கு அரச கட்டளை தேவைப்பட்டது. இன்று கட்டளையே தேவையில்லை. நம் சோம்பல் போதும்.

செய்முறையில் மறைபொருள் ஏதுமில்லை. பழத்தின் திசுக்களில் பெக்டின் என்ற பொருள் இருக்கிறது. 1825இல் பிரெஞ்சு வேதியியலாளர் ஆன்ரி பிராகோனோ பெயரிட்டது. போதிய அமிலமும் போதிய சர்க்கரையும் சேர்ந்தால் அது வலைபோலப் பின்னிக்கொண்டு நீரைப் பிடித்து நிறுத்தும். நெசவூர்க்காரர்களுக்குச் சொல்வதானால், பெக்டினைப் பாவு என்று வைத்துக்கொண்டால் சர்க்கரையும் புளிப்பும் அதை இழுத்துக் கட்டுபவை. சர்க்கரையின் செறிவு மிகும்போது கிருமிகள் வாழத் தேவையான நீர் அவற்றுக்கு எட்டாமல் போகிறது. அதனால்தான் பாகு கெடுவதில்லை.

பலாவின் குறை அதில் புளிப்பு மிகக் குறைவு என்பதே. சுளையில் பெக்டினும் அதிகமில்லை. எலுமிச்சை இரண்டையும் ஈடு செய்யும். மாகறல் கோயிலின் தலமரமாகச் சொல்லப்படுவது எலுமிச்சை! பலாமரம் எரிந்த ஊரில் எலுமிச்சை நிற்பதில் தத்துவம் எதுவும் தேட வேண்டாம். சமையலுக்கு உதவும் தற்செயல் என்று எடுத்துக்கொள்வோம்.

கொட்டை நீக்கிய கனிந்த சுளை ஒரு கிலோ. கத்தியிலும் கையிலும் நல்லெண்ணெய் தடவிக்கொண்டு நறுக்கி, மூழ்காத அளவு நீர் விட்டு மெத்தென வேகவைத்து அரைத்துக்கொள்ளவும். முக்கால் கிலோ சர்க்கரை சேர்த்து, அடிகனத்த அகன்ற பாத்திரத்தில் கிண்டவும். எலுமிச்சை விதைகளையும் உள்தோலையும் ஒரு துணியில் முடிந்து உடன் போட்டால் பெக்டின் இறங்கும். கொதி தணிந்து கூழ் குமிழியிடத் தொடங்கியதும் நான்கு எலுமிச்சையின் சாற்றைச் சேர்க்கவும். வெப்பமானி இருந்தால் 105 பாகையில் இறக்கலாம். இல்லையென்றால், குளிர்ந்த தட்டில் ஒரு சொட்டு விட்டு விரலால் கோடு கிழித்துப் பார்க்கவும். கோடு மூடிக்கொள்ளாமல் நின்றால் அதுவே பதம். கொதிநீரில் போட்டெடுத்து ஈரமறக் காயவைத்த கண்ணாடிப் புட்டியில் சூட்டோடு நிரப்பி மூட வேண்டும். ஏறக்குறைய 1,400 கிராம் தேறும். அதில் எழுபது பங்கு பழம் சென்றிருக்கிறது என்பதைச் சட்டத்தின் 45 பங்கோடு ஒப்பிட்டுக்கொள்ளுங்கள்.

எங்கள் முதல் முயற்சி தோற்றது என்பதையும் மறைப்பதற்கில்லை. சர்க்கரை கெடுதி என்ற நல்லெண்ணத்தில் பாதியாகக் குறைத்தோம். பதம் வருமுன்பே இறக்கினோம். பத்தாம் நாள் மேலே வெண்பூஞ்சை பூத்துவிட்டது. சர்க்கரை அங்கே இனிப்புக்கு மட்டுமன்றிக் காவலுக்கும் நிற்கிறது என்பதை அழுகிய புட்டிதான் எங்களுக்குக் கற்பித்தது. குறைத்துச் செய்ய விரும்புவோர் குறைந்த அளவில் செய்து, குளிர்பெட்டியில் வைத்து, சில நாட்களில் தீர்த்துவிட வேண்டும்.

இங்கே ஓர் எதிர்வாதம் எழும், எழ வேண்டும். வீட்டில் செய்தது என்பதாலேயே அது மருந்தாகிவிடாது. மேற்சொன்ன பாகில் மூன்றில் இரண்டு பங்கு சர்க்கரைதான். 20 கிராம் தடவினால் 13 கிராம் சர்க்கரை உள்ளே போகிறது. நீரிழிவு வீட்டுக்கு வீடு நுழைந்துவிட்ட காலத்தில் இதை ஆரோக்கிய உணவென்று விற்கும் புதிய வியாபாரிகளோடு சேர்ந்துகொள்ள எங்களுக்கு விருப்பமில்லை. மெல்லத் தடவி உண்ண வேண்டிய பண்டம், அவ்வளவே.

இதைவிடக் கூர்மையான எதிர்வாதம் எங்கள் குழுவில் இருக்கும் ஒரு சகோதரியிடமிருந்து வந்தது. 'வீட்டில் செய்தது என்று எழுதுகிறீர்களே, வீட்டில் யார் செய்தது என்று எழுதுவீர்களா?' என்றார். பதில் சொல்லச் சற்று நேரம் பிடித்தது. பாட்டியின் கைமணம், அம்மாவின் பக்குவம் என்று தமிழில் எழுதப்பட்ட உணவுக் கட்டுரைகளை எண்ணிப் பாருங்கள். அவற்றில் உண்பவர் எழுதுகிறார். கிண்டியவரோ கட்டுரைக்கு வெளியே, அடுப்படியில் நிற்கிறார். அகன்ற பாத்திரத்தில் கூழ் கொதிக்கும்போது அது எரிமலைக் குழம்புபோலத் தெறித்து மணிக்கட்டைச் சுடும். ஒரு நிமிடம் துடுப்பை விட்டாலும் அடிபிடிக்கும். ஒரு மணி நேரத்துக்குக் குறையாமல் ஒருவர் அங்கேயே நிற்க வேண்டும். காஞ்சியைச் சுற்றியுள்ள தறி வீடுகளில் பாவு பிணைப்பதும் நூல் சுற்றுவதும் சமைப்பதும் ஒரே பெண்ணின் நாளுக்குள் அடங்க வேண்டியிருக்கிறது. அவரிடம் போய்க் கடை ஜாமை விட்டொழியுங்கள் என்று உபதேசிப்பது, தில்லைக்குப் பழம் கொண்டுபோ என்று சொன்ன அரசனின் குரலேயன்றி வேறென்ன? அந்தப் பெண்ணுக்குக் கடைப் புட்டி ஒரு மணி நேரத்து ஓய்வு. அதைக் குறை சொல்லும் உரிமை துடுப்பைத் தொடாதவர்களுக்கு இல்லை.

எனவே எங்கள் கருத்தைத் திருத்திக்கொண்டு இவ்வாறு வைக்கிறோம். வீட்டில் பழப்பாகு காய்ச்சுவது நல்லது. ஆனால் முறை வைத்துக் காய்ச்ச வேண்டும். மாகறல்காரர்கள் வீட்டுக்கு வீடு முறை வைத்துச் சுமந்ததில் ஒரு நேர்மை இருந்தது. சுமை அநியாயமானது, பகிர்வு நியாயமானது. சுளை எடுப்பவர் ஒருவர், அரைப்பவர் ஒருவர், கால் மணிக்கொருமுறை கைமாறும் துடுப்பு, புட்டி கழுவப் பிள்ளைகள், பால் ஒட்டிய கத்தியையும் அருவாமணையையும் தேய்த்து வைக்க வீட்டு ஆண்கள். இதற்கு ஆண்டில் ஒரு ஞாயிற்றுக்கிழமை போதும். இது நடக்காத வீட்டில் கடைப் புட்டியே இருக்கட்டும். அதில் வெட்கப்பட ஒன்றுமில்லை.

அந்தச் சிறுவனை மன்னன் கண்ணைக் கட்டி அனுப்பியதாகக் கதை சொல்கிறது. அவன் கேட்ட கேள்விக்கு அரசனிடம் பதில் இருந்ததாக எந்த வடிவத்திலும் நாங்கள் கேட்டதில்லை. இனிப்பு ஒருவர் வாய்க்கும் சுமை இன்னொருவர் தலைக்கும் போவது ஏன் என்பதுதான் கேள்வி. இந்த ஆண்டு பலா வந்ததும், தோசைக்குத் தொட்டுக்கொள்ளப் பாகு காய்ச்சும் வீடுகளில், துடுப்பு யார் கையில் இருக்கிறது என்று ஒருமுறை திரும்பிப் பாருங்கள். அது உங்கள் கையில் இல்லையென்றால், எழுந்து போய் வாங்கிக்கொள்ளுங்கள்.