சேம அச்சு இல்லாத வண்டிகள்

வில்லியனூர்ப் பக்கத்திலும் பாகூர்ப் பக்கத்திலும் கனரக வாகன உரிமம் எடுத்துக்கொண்டு வரும் இளைஞனுக்கு ஊரார் வழங்கும் அறிவுரை ஒன்றே ஒன்றுதான். "தம்பி, மொதல்ல வண்டியில ஏறு. மத்ததெல்லாம் அப்புறம் பாத்துக்கலாம்." தேநீர்க் கடையிலும் பயிற்சிப் பள்ளி வாசலிலும் மேட்டுப்பாளையம் கனரக வாகன முனையத்து நிழலிலும் இதே சொற்களை நாம் கேட்டிருக்கிறோம். சொல்பவர்கள் நல்லவர்கள்; அனுபவம் உள்ளவர்கள். ஆயினும் இந்த அறிவுரை தவறானது, தீங்கானது என்பதே நம் வாதம்.

இலக்கியம் பேசும் இடத்தில் லாரிக்கு என்ன வேலை என்று முகம் சுளிக்கும் நண்பர்கள் சற்றுப் பொறுக்க வேண்டும். வண்டியைப் பற்றியும் சுமையைப் பற்றியும் நம் இலக்கியம் பேசியதை மறந்தவர்கள் நாம்தாம்.

முதலில் அந்த இளைஞன் யார் என்று பார்ப்போம். பாகூரைப் புதுவையின் நெற்களஞ்சியம் என்கிறோம். ஆனால் வரப்பில் நிற்கும் பிள்ளைகளின் எண்ணிக்கை ஆண்டுதோறும் குறைகிறது. முந்தைய தலைமுறைக்குப் பஞ்சாலை இருந்தது. ஏ.எஃப்.டி. ஆலையும் 2020-இல் மூடப்பட்டது. எஞ்சியவை சேதராப்பட்டு, மேட்டுப்பாளையம் தொழிற்பேட்டைகளும் அவற்றின் வாசலில் வரிசைகட்டி நிற்கும் லாரிகளும். 18 வயதில் இலகு ரக உரிமம். அதை ஓராண்டாவது வைத்திருந்த பிறகே சரக்கு வாகனத்துக்கான பழகுநர் உரிமம். 20 வயது நிரம்பாமல் சரக்கு வாகனம் ஓட்டக் கூடாது. இதுதான் 1988-ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டம் சொல்லும் வரிசை. எட்டாம் வகுப்புத் தேறியிருக்க வேண்டும் என்ற விதியையும் 2019-இல் நீக்கிவிட்டார்கள். ஆக, இருபது, இருபத்தொரு வயதில் ஒருவன் முதல் நிறுவனத்தின் வாசலில் நிற்கிறான். அங்கே எதைக் கேட்க வேண்டும் என்பதை அவனுக்கு யாரும் சொல்லித் தரவில்லை.

நாமும் சொல்லித் தரவில்லை. இந்தக் குற்ற உணர்வே இக்கட்டுரையை எழுத வைக்கிறது. பாகூர்ப் பக்கத்துச் சிற்றூர் ஒன்றிலிருந்து வந்து நம்மிடம் தமிழ் இளங்கலை பயின்ற மாணவர் ஒருவர், வேலை கிடைக்காமல் லாரிக்குப் போனார். ஓராண்டு கழித்துக் கடைத்தெருவில் கண்டபோது, "ஐயா, மூணு மாசப் பேட்டா பிடிச்சிட்டாங்க" என்றார். அதிகச் சுமை ஏற்றியவர் வேறு, ஏற்றச் சொன்னவர் வேறு. தண்டத்தைக் கட்டியவர் இவர். "ஏறும்போது கேட்கவில்லையா?" என்றோம். "கேட்டா வண்டி குடுக்க மாட்டாங்கன்னு சொன்னாங்க ஐயா" என்றார்.

இவர் நம்மிடம் புறநானூற்றின் 102-ஆம் பாட்டைப் படித்தவர். அதியமானின் மகன் பொகுட்டெழினியை ஒளவையார் பாடியது. உப்பு விற்கும் உமணர்களின் வண்டி அதில் வருகிறது. எருதுகளோ இளையவை, நுகத்துக்குப் பழகாதவை, வண்டியிலோ பெருஞ்சுமை. பள்ளத்தில் இறங்கும்போதும் மேட்டில் ஏறும்போதும் என்ன நேரும் என்று யாருக்குத் தெரியும்? ஆகவே உமணர்கள் இருக்கும் அச்சோடு நில்லாமல், வண்டியின் கீழ்மரத்தில் இன்னோர் அச்சையும் கட்டிக்கொண்டு புறப்படுகிறார்கள். அதன் பெயர் சேம அச்சு. அரசன் தன் குடிகளுக்கு அந்தச் சேம அச்சைப் போன்றவன் என்பது பாட்டின் கருத்து.

இதை உவமையணிக்கு எடுத்துக்காட்டாக மட்டும் நடத்தி, தேர்வில் மதிப்பெண் கொடுத்து முடித்துவிட்டோம். அதற்குள் இருக்கும் தொழில் அறிவைக் கவனிக்கவில்லை. எருது இளையது என்பதும் சுமை பெரியது என்பதும் வண்டிக்காரனுக்குத் தெரியும். தெரிந்ததனாலேயே முறிவுக்கான ஏற்பாட்டை அவன் புறப்படும் முன்னரே செய்கிறான். எருது பட்டுத் தெரிந்துகொள்ளட்டும் என்று அவன் விடவில்லை. ஆகவே புதிய ஓட்டுநன் தன் முதல் நிறுவனத்திடம் கேட்க வேண்டிய கேள்வியும் ஒன்றே: பள்ளத்தில் அச்சு முறிந்தால் இங்கே மாற்று அச்சு உண்டா, அல்லது என் முதுகுதான் அச்சா?

இக்கேள்வியைச் சுமையிலிருந்து தொடங்குவோம். 2019-இல் திருத்தப்பட்ட மோட்டார் வாகனச் சட்டத்தின் 194-ஆம் பிரிவின்படி, அனுமதித்த எடைக்கு மேல் ஏற்றினால் 20,000 ரூபாய் தண்டம். கூடுதலான ஒவ்வொரு டன்னுக்கும் 2,000 ரூபாய் தனி. அதிகச் சுமையை இறக்காமல் வண்டி நகரக் கூடாது. இச்சட்டம் ஓட்டியவரை மட்டும் பிடிக்கவில்லை; ஓட்டச் செய்தவரையும் ஓட்ட அனுமதித்தவரையும் சேர்த்தே பிடிக்கிறது. ஆனால் நடுச்சாலையில் அதிகாரியின் முன் நிற்பவன் ஓட்டுநன் ஒருவனே. எடைச்சீட்டு யார் கையில் இருக்கும், தண்டம் யார் கணக்கில் சேரும் என்பதை ஏறும்போதே சொல்லாத முதலாளி, பின்னர் எப்படிச் சொல்வார் என்பது நம் மாணவரின் பேட்டாவில் தெரிந்தது.

அடுத்தது நேரம். 1961-ஆம் ஆண்டு மோட்டார் போக்குவரத்துத் தொழிலாளர் சட்டம் ஒரு நாளுக்கு எட்டு மணி நேரம், வாரத்துக்கு 48 மணி நேரம் என்று வரையறுத்தது. நெடுந்தொலைவு வழித்தடங்களுக்கு அனுமதி பெற்று நீட்டினாலும், நாளுக்குப் பத்து மணி நேரத்தையும் வாரத்துக்கு 54 மணி நேரத்தையும் தாண்டக் கூடாது என்றது. இந்த வரையறைக்குள் வட இந்தியாவுக்குப் போய்த் திரும்பிய ஓட்டுநர் ஒருவரை நாம் இன்னும் சந்திக்கவில்லை. காரணம் ஓட்டுநரின் பேராசை என்பார்கள். கூலி தரப்படும் முறையைப் பாருங்கள். மாதச் சம்பளம் பெயரளவில். மற்றதெல்லாம் டிரிப் கணக்கில். சில இடங்களில் வாடகையில் சதவீதம்; சில இடங்களில் டீசலுக்கும் வழிச்செலவுக்கும் சேர்த்து ஒரு தொகை, மிச்சம் ஓட்டுநருக்கு. டிரிப் முடிந்தால்தான் காசு என்றால் உறக்கம் செலவாகிறது, கிளீனர் செலவாகிறார். இருவர் செல்ல வேண்டிய வண்டியில் ஒருவர் செல்கிறார். சரக்கு இறக்காமல் மூன்று நாள் காக்க வைத்தால், முதலாளி சரக்குக்காரரிடம் ஹால்டிங் வாங்குகிறார். அதில் வண்டிக்கடியில் பாய் விரித்துக் கிடந்தவனுக்குப் பங்கு உண்டா என்பதையும் ஏறும் முன்னரே கேட்க வேண்டும்.

இதைப் புதுவையில் இருந்துகொண்டு சொல்லும்போது நமக்கு நாணமாக இருக்கிறது. 1936 சூலை 30 அன்று இந்த மண்ணில் பஞ்சாலைத் தொழிலாளர் 12 பேர் துப்பாக்கிச் சூட்டில் மாண்டனர். வ. சுப்பையா முன்னின்ற அந்தப் போராட்டத்தின் பயனாகப் பிரெஞ்சிந்தியாவில் எட்டு மணி நேர வேலை சட்டமானது. ஆண்டுதோறும் மாலை போடுகிறோம். மாலை போடும் இடத்தைக் கடந்து, பதினாறு மணி நேரமாகக் கண்மூடாத ஒருவன் ஓட்டும் லாரி போகிறது.

சட்டத்தின் காப்பும் இப்போது சுருங்கியிருக்கிறது. 1961-ஆம் ஆண்டுச் சட்டம் ஐந்து தொழிலாளர் உள்ள நிறுவனத்துக்கே பொருந்தியது. அதன் இடத்தில் 2025 நவம்பர் 21 அன்று நடைமுறைக்கு வந்த, பணியிடப் பாதுகாப்பு குறித்த தொழிலாளர் சட்டத் தொகுப்பு, பத்துத் தொழிலாளர் உள்ள நிறுவனத்திலிருந்தே தொடங்குகிறது. ஒவ்வொருவருக்கும் பணி நியமனக் கடிதம் தர வேண்டும் என்ற நல்ல விதி அதில் உண்டு. ஆனால் மூன்று லாரி வைத்திருப்பவரை அவ்விதி எட்டாது. நம் பிள்ளைகள் முதலில் ஏறுவதோ பெரும்பாலும் அத்தகைய மூன்று லாரிக்காரரிடம்தான்.

கடைசியாக விபத்து. 2023 டிசம்பரில் நிறைவேறிய பாரதிய நியாய சன்ஹிதாவின் 106(2) பிரிவு, விபத்துக்குப் பின் தெரிவிக்காமல் ஓடிய ஓட்டுநருக்குப் பத்தாண்டு வரை சிறை என்றது. 2024 சனவரி முதல் நாளே வடபுலத்துச் சாலைகளில் லாரிகள் நின்றன. அச்சட்டம் 2024 சூலை 1 அன்று நடைமுறைக்கு வந்தபோது அந்த உட்பிரிவு மட்டும் நிறுத்திவைக்கப்பட்டது. ஓடுவது சரியென்று நாம் சொல்லவில்லை. நின்றால் கூட்டம் அடிக்கும், ஓடினால் சட்டம் அடிக்கும் என்ற நிலையில் நிற்கும் இருபது வயதுப் பிள்ளையின் தொலைபேசியை நள்ளிரவில் எடுக்க முதலாளி இருக்கிறாரா என்று கேட்கிறோம். ஓட்டுநருக்கு நேரும் மரணத்துக்கும் காயத்துக்குமான இழப்பீட்டுப் பொறுப்பை வண்டியின் காப்பீடு ஏற்க வேண்டும் என்பது மோட்டார் வாகனச் சட்டத்திலேயே உள்ளது. அந்தக் காப்பீட்டுத் தாளின் நகலைக் கேட்பது அவமரியாதை ஆகாது. கேட்டதற்காக முகம் கறுப்பவரிடம் ஏறாமல் இருப்பதே நலம்.

பெரிய நிறுவனமாகப் பார்த்துச் சேர்ந்தால் போதாதா என்பார்கள். போதாது. கதவில் பெரிய பெயர் எழுதிய பல வண்டிகள் அந்நிறுவனத்துக்கு உரியவை அல்ல; ஒப்பந்தத்தில் ஓடும் அட்டாச் வண்டிகள். ஆர்.சி.யில் யார் பெயர் இருக்கிறதோ அவரே முதலாளி. சங்ககிரியிலும் நாமக்கல்லிலும் தானே ஸ்டியரிங் பிடித்து, பிறகு வண்டி வாங்கி, இன்றும் ஓட்டுநரைத் தம்பியாக நடத்தும் சிறு உரிமையாளர்கள் உண்டு. ஜி.பி.எஸ். வைத்து, வண்டி நின்ற ஒவ்வொரு நிமிடத்துக்கும் விளக்கம் கேட்டு, ஓட்டுநன் உறங்கிய நேரத்தை மட்டும் கேளாத பெருநிறுவனங்களும் உண்டு. அளவு உரைகல் ஆகாது.

சிறு உரிமையாளரின் துன்பத்தையும் நாம் அறிவோம். மாதத் தவணை, டீசல், டயர், காப்பீடு எல்லாம் ஏறுகின்றன. தரகர் கை மாறி மாறி வாடகை தேய்ந்து வந்து சேர்கிறது. அவர் கொடியவர் அல்லர். ஆனால் உப்பு வணிகனுக்கும் நட்டம் இருந்தது, மழை இருந்தது, வழிப்பறி இருந்தது. அவன் எருதின் தீனியைக் குறைத்து அச்சின் விலையை ஈடுகட்டவில்லை. சுமையின் ஊதியம் யாருக்கோ, அதன் இடரும் அவருக்கே உரியது.

மற்றோர் எதிர்வாதமும் உண்டு: "புதியவனுக்கு ஏது பேரம்? அனுபவம் வந்த பிறகு கேட்கட்டும்." இன்று லாரி உரிமையாளர்கள் கூடும் இடமெல்லாம் ஓட்டுநர் பற்றாக்குறை என்ற புலம்பல்தான். ஆள் கிடைக்காத தொழிலில், வருகிறவனுக்குப் பேரம் இல்லை என்பது எந்தக் கணக்கு? மேலும் அனுபவம் என்பது என்ன? முதல் ஓராண்டில் அதிகச் சுமைக்கும் உறக்கமின்மைக்கும் வழிநெடுகத் தரும் மாமூலுக்கும் பழகியவன், அவற்றையே தொழில் என்று கொள்கிறான். நாளை அடுத்தவனுக்கும் அதையே கற்பிக்கிறான். இதற்கிடையில் முன்பணம் என்ற கயிறு வேறு. தங்கை திருமணத்துக்கு வாங்கிய கடன் தீரும்வரை வேறு வண்டி ஏற முடியாது. உரிமத்தின் மூலத்தையே வாங்கி வைத்துக்கொள்ளும் இடங்களும் உண்டு. 'அப்புறம்' என்ற சொல்லுக்கு அங்கே இடமே இல்லை. ஆகவேதான் முதல் தேர்வு முக்கியம் என்கிறோம்.

வில்லியனூரிலும் பாகூரிலும் உள்ள தம்பிகளுக்கு நாம் சொல்ல விரும்புவது இதுவே. ஏறும் முன் ஐந்து கேள்விகள் கேளுங்கள். அதிகச் சுமைத் தண்டம் யாருடையது? இரவு எங்கே, எத்தனை மணி நேரம் உறங்குவேன். காத்திருக்கும் நாளுக்குக் கூலி உண்டா? ஆர்.சி.யும் காப்பீடும் யார் பெயரில், எந்தத் தேதி வரை? விபத்தானால் யாரை அழைக்க வேண்டும்? விடைகளை ஒரு தாளில் எழுதி வாங்குங்கள். தாள் தர மறுத்தால், அவர் சொன்னதைத் தேதியிட்டு வாட்ஸ்அப்பில் அவருக்கே அனுப்புங்கள். முன்பணத்தைத் தவிருங்கள். உரிமத்தின் மூலத்தைக் கைவிடாதீர்கள். ஒரு மாதம் வேலையின்றி வீட்டில் இருக்க நேர்ந்தாலும், அந்த இழப்பு நம் மாணவர் இழந்ததைவிடக் குறைவு.

நண்பர்களுக்குச் சொல்வதும் ஒன்று உண்டு. வரும் பருவத்தில் 102-ஆம் பாட்டை நடத்தும்போது இந்த ஐந்து கேள்விகளையும் கரும்பலகையில் எழுதப் போகிறோம். வகுப்பில் இருப்பவர்களில் எவர் நாளை லாரி ஏறுவார் என்று நமக்குத் தெரியாது. தெரியாத பள்ளத்துக்காகத்தானே அந்த இரண்டாம் அச்சு.