புகை எப்போ வருதுன்னு முதல்ல கேளுங்க

மெக்கானிக்கல் படிக்கிற உங்ககிட்ட வீட்டுல யாராவது "கார் கருப்பா புகை விடுது, என்னன்னு பாரு"ன்னு கேட்டிருக்காங்களா? எங்கப்பா கேட்டார். நான் மூணாவது வருஷம். ஐசி இன்ஜின்ஸ் பேப்பர்ல நல்ல மார்க். டீசல் சைக்கிளோட பிவி டயகிராமைக் கண்ணை மூடிட்டே போடுவேன். அப்பாவுக்கு நான் சொன்ன பதில்: "மெக்கானிக்கிட்ட காட்டுங்கப்பா."

அப்பா சேலத்துல துண்டு, லுங்கி எடுத்து வாரச்சந்தைகளுக்குக் கொண்டுபோய் விக்கிறவர். ஒரு கன்சல்டிங்ல 2012 மாடல் டர்போ டீசல் கார், 1,10,000 கிலோமீட்டர் ஓடினது, 2,60,000 ரூபாய்க்கு வாங்கினார். கம்பெனி பேரு வேண்டாம், இந்தக் கதையில கம்பெனி மேல தப்பு எதுவும் இல்ல. நாலு மாசத்துல, சரக்கோட மேடு ஏறினா பின்னாடி கருப்புப் புகை. ஒர்க்‌ஷாப்ல ஆக்சிலேட்டரை ரெண்டு தடவை மிதிச்சுப் பார்த்துட்டு, "டர்போ போச்சுண்ணே"ன்னு சொல்லிட்டாங்க. ரீகண்டிஷன் டர்போ 22,000 ரூபாய். பழசை எக்ஸ்சேஞ்சுல குடுத்தாதான் அந்த ரேட். நானும் பக்கத்துலதான் நின்னேன், வாயே திறக்கல. மறுவாரம் ஏற்காடு ரோட்டுல மூணாவது கொண்டை ஊசி வளைவுலயே அதே புகை.

அதனால சொல்றேன், புகையோட நிறத்தை மட்டும் வச்சு பார்ட்ஸ் மாத்துறது வைத்தியமே இல்ல. நிறம் பாதித் தகவல்தான். அது எப்போ வருது, கூட வேற என்ன நடக்குதுங்கறது மீதிப் பாதி. அந்த மீதியைக் கேட்காம ஸ்பேனரைத் தொடுற யாரையும் நம்பாதீங்க, அது நீங்களாவே இருந்தாலும்.

முதல்ல கருப்பு. நம்ம ஊர்ல அதிகமாப் பார்க்கிறது இதுதான். போற டீசலுக்குத் தேவையான காத்து இல்லன்னு அர்த்தம். இல்லன்னா டீசல் சரியாத் தெறிக்காம சொட்டுது. காத்து ஏன் குறையும்? ஏர் ஃபில்டர் அடைச்சிருக்கலாம். ஈஜிஆர் வால்வு கரி பிடிச்சுத் திறந்தபடியே நின்னு, புகையையே திரும்ப உள்ளே அனுப்பிட்டு இருக்கலாம். வேரியபிள் வேன் டர்போன்னா அந்த வேன்கள் ஒட்டிக்கிட்டு இருக்கலாம். இன்னொண்ணு ரொம்ப சாதாரணமானது. டர்போவுல இருந்து இன்டர்கூலருக்கும், அங்கிருந்து இன்ஜினுக்கும் போற ரப்பர் ஹோஸ்ல கீறல். டர்போ கஷ்டப்பட்டு அமுக்கி அனுப்புற காத்து வழியிலேயே வெளியே போயிடும். வேடிக்கை என்னன்னா, ஏர் ஃப்ளோ சென்சார் டர்போவுக்கு முன்னாடியே இருக்கு. காத்து உள்ளே வந்ததை அது எண்ணிடும். நடுவுல ஓடிப்போனது அதுக்குத் தெரியாது. இசியு அந்தக் கணக்கை நம்பி டீசலை ஊத்தும். அப்புறம் கருப்பு வராம வேற என்ன வரும்?

அப்பா கார்ல இருந்தது இதேதான். ரெண்டாவதா ஒரு மெக்கானிக்கிட்ட போனோம், வயசானவர். பானெட்டைத் திறக்கறதுக்கு முன்னாடி மூணே கேள்வி. காலையில ஸ்டார்ட் பண்றப்ப புகை வருதா? இல்ல. நின்னுக்கிட்டு இருக்கறப்ப? இல்ல. சரக்கு ஏத்தி மேடு ஏறுறப்ப மட்டுமா, அப்போ இழுவை குறையுதா, 'ஸ்ஸ்'னு சத்தம் கேக்குதா? ஆமா, ஆமா, ஆமா. அவர் நேரா கீழே குனிஞ்சு இன்டர்கூலர் பக்கத்து ஹோஸைக் கையால மடக்கிக் காட்டினார். அடிப்பக்கம் ஒரு விரல் நீளத்துக்குப் பிளவு, சுத்தி ஆயில் பிசுக்கு. காத்தோட அழுத்தம் ஏறினா மட்டும் அது வாயைத் திறக்கும். மத்த நேரம் நல்ல பிள்ளை மாதிரி மூடிக்கிட்டு இருக்கும். ஹோஸ் 1,800 ரூபாய்.

இதை நாமளே கண்டுபிடிச்சிருக்கலாம், அதுதான் எனக்கு உறுத்தல். ஆயிரம் ரூபாய்க்குள்ள ப்ளூடூத் ஓபிடி கருவி கிடைக்குது. ஹாஸ்டல்ல நாலு பேருகிட்ட இருக்கு. இன்ஜின் ஆஃப்ல மேனிஃபோல்டு பிரஷர் எவ்வளவுன்னு பாருங்க, அது வளிமண்டல அழுத்தம். அப்புறம் மூணாவது கியர்ல முழுசா மிதிச்சு மேடு ஏத்தி, பக்கத்துல உக்காந்திருக்கிறவரைப் படிக்கச் சொல்லுங்க. ஏறக்குறைய ரெண்டு மடங்குக்குப் போகணும். போகலன்னா காத்து எங்கேயோ கசியுது, இல்ல டர்போ தள்ளல. டர்போவையே சந்தேகப்பட்டா, ஆறின இன்ஜின்ல இன்டேக் பைப்பைக் கழட்டி ஷாஃப்டை ஆட்டிப் பாருங்க. பக்கவாட்டுல கொஞ்சம் ஆடினா பரவாயில்ல, ஆயில் ஏறினா அது நிதானமாயிடும். முன்னும் பின்னும் ஆடினாலோ, இறக்கை ஹவுசிங்கில உரசின தடம் இருந்தாலோதான் பயப்படணும். நாங்க அதைப் பார்க்கறதுக்குள்ள டர்போ எக்ஸ்சேஞ்சுல போயிடுச்சு. அது நல்லா இருந்துச்சா இல்லையான்னு இனிமே எங்களுக்குத் தெரியப் போறதில்ல.

நீலம் வேற விவகாரம். ஆயில் எரியுது. டர்போ சீல், வால்வு சீல், பிஸ்டன் ரிங், எதுவா வேணாலும் இருக்கலாம். ஆயிலை அளவுக்கு மீறி ஊத்தியிருந்தாலும் வரும். கிராங்க்கேஸ் பிரீதர் அடைச்சாலும், டர்போவுல இருந்து ஆயில் கீழே இறங்குற பைப் அடைச்சாலும் நல்ல சீலையும் தாண்டி ஆயில் ஒழுகும். அந்தப் பைப்பைச் சுத்தம் பண்ணாம புது டர்போ போட்டா, புதுசும் அதே நீலப் புகையைத்தான் விடும். அதனால டிப்ஸ்டிக்கை முதல்ல பாருங்க. இன்டர்கூலர் பைப்புல லேசா ஆயில் படிஞ்சிருந்தா பதறாதீங்க, அது இயல்பு. தேங்கி நின்னா மட்டும் கவலைப்படுங்க.

ஒரு எச்சரிக்கை. டர்போ சீல் மொத்தமாப் போனா இன்ஜின் தன்னோட ஆயிலையே குடிச்சு ஓட ஆரம்பிச்சிடும். சாவியைத் திருப்பினாலும் நிக்காது, ஆர்பிஎம் ஏறிட்டே இருக்கும். மேனுவல் கியர்ன்னா பிரேக்கை நல்லா மிதிச்சு, டாப் கியர்ல போட்டு கிளட்சை விட்டு அணைக்கணும். முடியலன்னா இறங்கித் தள்ளிப் போயிடுங்க. ஹீரோ மாதிரி ஏர் இன்டேக்கைக் கையால மூடப் போகாதீங்க.

வெள்ளையில ரெண்டு இருக்கு. டீசல் வாடையோட கண்ணை எரிச்சா எரியாத டீசல்: குளோ பிளக், இன்ஜெக்டர், கம்ப்ரஷன்னு தேடணும். இனிப்பா ஒரு வாடை, கூலன்ட்டும் அடிக்கடி குறையுதுன்னா ஹெட் கேஸ்கெட், இல்ல ஈஜிஆர் கூலர். ஏற்காட்டுல மார்கழிக் காலையில கொஞ்ச நேரம் வந்து காணாமப் போறது வெறும் நீராவி, விட்டுடுங்க.

இதுக்காகத்தான் பழைய கார் பார்க்கப் போறப்ப சொல்லாமக் கொள்ளாம காலையில போங்கன்னு சொல்றேன். போனதும் பானெட்டைத் தொட்டுப் பாருங்க. சூடா இருந்தா, உங்களுக்காக ஒருத்தர் ஏற்கெனவே ஸ்டார்ட் பண்ணி வச்சிருக்கார். கோல்டு ஸ்டார்ட்ல வர்ற புகை எதுவும் உங்க கண்ணுல படாது. இன்னொரு நாள் வர்றேன்னு கிளம்பிடுங்க.

"புகைச் சான்றிதழ் இருக்கே"ன்னு காட்டுவாங்க. இருக்கட்டும். டீசலுக்கு அந்த டெஸ்ட் நியூட்ரல்ல வச்சு ஆக்சிலேட்டரை மிதிச்சுப் பண்றது. பிஎஸ் 4 வண்டிக்கு வரம்பு 50 ஹார்ட்ரிட்ஜ் அலகு, அதுக்கு முந்தினதுக்கு 65. நியூட்ரல்ல இன்ஜினுக்குச் சுமையே கிடையாது, டர்போ அழுத்தமும் முழுசா ஏறாது. எங்க கார் அந்தக் கீறின ஹோஸோடவே பாஸ் ஆச்சு. அதே கார் மேட்டுல பின்னாடி பைக்ல வந்தவர் முகத்துல கரியை அப்பிட்டு இருந்துச்சு. டீசல் புகையைப் புற்றுநோய் உண்டாக்குற முதல் பிரிவுல உலக சுகாதார நிறுவனத்தோட புற்றுநோய் ஆய்வு அமைப்பு 2012-லயே சேர்த்தாச்சு. சான்றிதழ் இருக்குன்னு நாம நிம்மதியாப் போறோம், மூச்சு விடுறது பின்னாடி வர்றவர்.

முதல் மெக்கானிக் மேல எனக்குக் கோபம் இருந்துச்சு. இப்போ பாதிதான் இருக்கு. ரெண்டாவது மெக்கானிக் ஹோஸ் காசு போக, "பார்த்ததுக்கு ஒரு 300 குடுங்க"ன்னு கேட்டார். அப்பா சண்டைக்குப் போயிட்டார். "குனிஞ்சு பார்த்ததுக்கெல்லாம் 300 ரூபாயா?" மூச்சு விடாம 22,000 குடுத்த மனுஷன்! நாம பார்ட்ஸுக்குக் காசு குடுப்போம், கண்டுபிடிச்சதுக்குக் குடுக்க மாட்டோம். அப்புறம் மெக்கானிக் ஏன் யோசிக்கணும்? மாத்துறதுலதான் அவருக்கு வருமானம். அந்த 300-ஐ நான்தான் ஜிபே பண்ணேன். எனக்கு அது டியூஷன் ஃபீஸ்.

நம்ம காலேஜுக்கும் இதுல பங்கு இருக்கு. தெர்மல் லேப்ல இருக்கிறது ஒத்தை சிலிண்டர் டீசல் இன்ஜின். டர்போ, காமன் ரெயில், ஈஜிஆர் எதுவும் கிடையாது. லோட் டெஸ்ட் எடுத்து, சீனியர் ரெக்கார்டைப் பார்த்து வளைகோட்டைச் சரி பண்ணி, கையெழுத்து வாங்கிட்டு வந்துடறோம். ஒரு தடவையாவது சைலன்சர் பக்கம் திரும்பிப் பார்த்திருக்கோமா? நான் பார்க்கல.

என் கோரிக்கை பெருசு இல்ல. ஸ்கிராப்ல இருந்து ஓடுற நிலையில ஒரு காமன் ரெயில் டர்போ இன்ஜின் வாங்குங்க. டைனமோமீட்டர்ல மாட்டி லேப் அசிஸ்டன்ட் அண்ணா வேணும்னே ஒரு கோளாறு வைக்கட்டும்: ஹோஸ் கிளாம்ப்பைத் தளர்த்தலாம், ஃபில்டர்ல துணி கட்டலாம், குளோ பிளக் ஒயரைப் பிடுங்கி விடலாம். நாங்க கண்டுபிடிக்கணும். எதையும் கழட்டறதுக்கு முன்னாடி, புகை எப்போ வந்துச்சு, என்ன வாடை, என்ன சத்தம்னு ரெக்கார்டுல எழுதியே ஆகணும். தப்பாச் சொன்னா மார்க் போகட்டும், எங்கப்பாவோட 22,000-ஐ விட அது மலிவு.

எச்ஓடி சார் இதைப் படிச்சா, ஸ்கிராப் யார்டுக்குக் கூட வர நான் ரெடி. அப்பா கார்லயே போயிடலாம் சார், இப்போ மேட்டுல புகை வர்றதில்ல.