சிரிப்பு வாயு: கருவியை நம்பினால் மட்டும் போதுமா?

பல் பிடுங்கப் போகிறவருக்குப் பயம் தெரியாமல் இருக்க 'சிரிப்பு வாயு' கொடுக்கும் முறை இன்று பெருநகரங்களின் தனியார் பல் மருத்துவமனைகளில் கையாளப்படுகிறது. நைட்ரஸ் ஆக்சைடு என்பது இதன் இரசாயனப் பெயர். 1844-ம் ஆண்டிலேயே ஹோரேஸ் வெல்ஸ் என்ற அமெரிக்கப் பல் வைத்தியர் இதை முகர்ந்துகொண்டு தமது பல்லையே பிடுங்கச் செய்து பரீட்சித்தார். பிராண வாயுவுடன் தக்க அளவில் கலந்து மூக்கு மூடி வழியாகக் கொடுத்தால் நோயாளியின் நினைவு தப்புவதில்லை; பயமும் வலியும் தணிகின்றன. முறைப்படி கொடுத்தால் ஆபத்து மிகக் குறைவு. ஆனால் பிராண வாயு கலவாமல் இதை மட்டும் சுவாசித்தால் சில நிமிடங்களில் மூளை கெட்டு உயிருக்கே ஆபத்தாகும்.

இது வெறும் அச்சமல்ல. 2011-ல் நாகர்கோவில் அரசு மருத்துவமனையில் குடும்பக் கட்டுப்பாட்டு அறுவைக்கு வந்த ஒரு பெண்ணுக்குப் பிராண வாயுவுக்குப் பதிலாக நைட்ரஸ் ஆக்சைடு செலுத்தப்பட்டது. அவர் மீளவில்லை. அவர் குடும்பத்துக்கு நஷ்ட ஈடு வழங்கும்படி உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளை உத்தரவிட்டது. 2016 மே மாத இறுதியில் இந்தூர் எம்.ஒய். மருத்துவமனையின் புதிய அறுவைக் கூடத்தில் இரண்டு குழந்தைகள் அடுத்தடுத்து மாண்டன. பிராண வாயு வரவேண்டிய குழாயில் நைட்ரஸ் ஆக்சைடு வந்ததே காரணம். அதே ஆண்டில் ஆஸ்திரேலியாவின் சிட்னி நகரில், பேங்க்ஸ்டவுன்-லிட்கோம் மருத்துவமனையில், இதே குழாய்க் கோளாறால் பிறந்த குழந்தை ஒன்று இறந்தது; மற்றொன்றுக்கு மூளை பாதிக்கப்பட்டது. அங்கே 2015-ல் தவறாக இணைத்த குழாயை ஓராண்டு வரை எவரும் கண்டுகொள்ளவில்லை.

கருவி அறிவதும் அறியாததும்

இந்தக் கருவிகளில் பாதுகாப்பு ஏற்பாடுகள் இல்லாமல் இல்லை. நமது நாட்டு வழக்கப்படி பிராண வாயு சிலிண்டர் கறுப்பு உடலும் வெள்ளைக் கழுத்தும் கொண்டது. நைட்ரஸ் ஆக்சைடு சிலிண்டர் நீல நிறம். ஒன்றின் இடத்தில் மற்றொன்றைப் பொருத்த முடியாதபடி ஊசிகளும் துளைகளும் வெவ்வேறு இடங்களில் அமைந்திருக்கும். பல் சிகிச்சைக் கருவிகள் 30 சதவீதத்துக்குக் குறையாமல் பிராண வாயு செல்லும்படி அமைக்கப்படுகின்றன. பிராண வாயுவின் அழுத்தம் விழுந்துவிட்டால் நைட்ரஸ் ஆக்சைடு தானாகவே நின்றுவிடும்.

இத்தனை இருந்தும் விபத்து நேர்வானேன்? காரணம் எளிது. அந்தத் தானியங்கி அடைப்பான் அழுத்தத்தை மட்டுமே அறியும். வருவது எந்த வாயு என்று அதற்குத் தெரியாது. பிராண வாயுக் குழாயில் வேறு வாயு வந்தாலும் அழுத்தம் சரியாக இருந்தால் அது வாளாவிருக்கும். இரயில்வே ஊழியர்களுக்கு இது புதிதல்ல. 2023 ஜூன் 2-ம் தேதி பாலசோர் அருகே சென்னை நோக்கி வந்த கோரமண்டல் எக்ஸ்பிரஸுக்குப் பச்சை விளக்கு எரிந்தது. பாதையோ பக்கத்துத் தடத்துக்குத் திரும்பியிருந்தது. சிக்னல் இணைப்பில் நேர்ந்த தவறு 290-க்கும் மேற்பட்ட உயிர்களைக் கொண்டுபோயிற்று. இணைப்பே பிழையானால் எந்தப் பாதுகாப்புக் கருவியும் பொய்தான் சொல்லும்.

ஆகவே குழாயிலோ இணைப்பிலோ கை வைத்த ஒவ்வொரு முறையும், நோயாளியை அனுமதிக்கும் முன், வெளியே வருவது பிராண வாயுதானா என்று அதை அளக்கும் கருவி கொண்டு சோதிப்பது கட்டாயமாக வேண்டும். நோயாளியின் விரலில் மாட்டும் ஆக்சிமீட்டர் அவசியமே. ஆனால் அது இரத்தத்தில் பிராண வாயு குறைந்த பிறகே எச்சரிக்கும்.

கடைநிலை ஊழியர் கையில்

சிலிண்டரை மாற்றுபவரும் கருவியைத் துடைப்பவரும் பெரும்பாலும் குறைந்த சம்பள உதவியாளர்கள். அவர்களில் பிழைப்புத் தேடி வந்த நம்மவர்களும் உண்டு. அவர்கள் அறிய வேண்டியவை சில. பிராண வாயு அடைப்பானில் எண்ணெயோ கிரீஸோ படவே கூடாது, தீப்பற்றும். நைட்ரஸ் ஆக்சைடு சிலிண்டருக்குள் திரவமாக இருப்பதால் அது தீரும் தறுவாய் வரை அழுத்தமானியின் முள் இறங்காது. முள்ளைப் பார்த்து 'நிறைய இருக்கிறது' என்று எண்ணுவது தவறு. எடை போட்டே அறிய வேண்டும்.

ஒரு முறை உபயோகத்துக்கான மூக்கு மூடியைக் கழுவி அடுத்தவருக்கு மாட்டக் கூடாது. மறுபடி உபயோகிக்கத் தக்கவற்றைச் சோப்பு நீரில் கழுவி, தயாரிப்பாளர் கூறும் முறையில் நீராவிக் கொதிகலனில் கிருமி நீக்க வேண்டும். குமிழ்களையும் மேற்பரப்பையும் கிருமிநாசினி நனைத்த துணியால் துடைக்கலாம்; மருந்தை நேராகத் தெளிக்கக் கூடாது. ரப்பர்ப் பையிலும் குழாய்களிலும் வெடிப்பு உண்டா என்று தினமும் பார்க்க வேண்டும்.

கசியும் வாயு ஊழியருக்கும் தீங்கு செய்யும். நெடுநாள் சுவாசித்தால் உடலில் வைட்டமின் பி-12 செயலிழந்து நரம்புகள் பாதிக்கப்படலாம். கருவுற்ற பெண்கள் தனிக் கவனம் கொள்ள வேண்டும். நோயாளி வெளிவிடும் வாயுவை உறிஞ்சி வெளியேற்றும் குழாய் இணைந்திருப்பதும், அறையில் காற்றோட்டம் இருப்பதும் அலங்காரமல்ல, தேவை.

கேட்பதில் வெட்கமில்லை

வேற்று மாநிலத்தில், புரியாத மொழியில் நீட்டப்படும் தாளில் கையெழுத்திடும் நம்மவர்கள் மூன்று கேள்விகளையாவது கேட்கலாம். விரலில் ஆக்சிமீட்டர் மாட்டுவீர்களா? மூக்கு மூடி புதியதா, கிருமி நீக்கியதா? முடிந்த பிறகு ஐந்து நிமிடமாவது தனிப் பிராண வாயு கொடுப்பீர்களா? நல்ல மருத்துவர் எவரும் இதற்குக் கோபிக்கமாட்டார்.

விபத்து நேர்ந்ததும் ஒரு உதவியாளரை வேலைநீக்கம் செய்து விஷயத்தை மூடுவது நம் நாட்டில் எளிதாகிவிட்டது. அவருக்குப் புரியும் மொழியில் பயிற்சி தந்தார்களா, சோதித்துக் கையெழுத்திட ஒரு பதிவேடு வைத்தார்களா, வாயுவை அளக்கும் கருவி வாங்கித் தந்தார்களா என்று நிர்வாகத்தைக் கேட்பவர் சிலரே. அந்தக் கேள்விக்கு விடை கிடைக்கும் வரை, சிலிண்டரைத் தூக்குகிறவன் மீது மட்டும் பழி போடுவது நியாயமாகாது.