மாட்டு டாக்டர் என்றால் இளக்காரமா?

மனிதருக்கு வைத்தியம் பார்த்தால் அவர் டாக்டர். மாட்டுக்கு வைத்தியம் பார்த்தால் அவர் 'மாட்டு டாக்டர்'! சொல்லும்போதே உதட்டோரத்திலே ஒரு சிரிப்பு. பெண் கேட்டுப் போனால் ஒரு முகச்சுளிப்பு. அரசாங்க விழாவிலே அவருக்கு நாற்காலி கடைசி வரிசையிலே! ஏன் இந்த இளக்காரம்? காரணம் தெரியாததல்ல. சீமான் வீட்டுச் சொத்துக்குக் காவல் நிற்பவனுக்குச் சலாம் கிடைக்கும். ஏழை வீட்டுச் சொத்துக்குக் காவல் நிற்பவனுக்கு, அந்த ஏழைக்குக் கிடைக்கும் மரியாதைதானே கிடைக்கும்!

ஆம், தோழர்களே! கால்நடை ஏழையின் சொத்து. ஆலை அதிபரின் பணம் பாங்கியிலே இருக்கிறது. பெருநிலக்காரரின் பணம் பத்திரத்திலே இருக்கிறது. காணி நிலமும் இல்லாத கூலித் தொழிலாளியின் பணம் எங்கே இருக்கிறது? குடிசைக்குப் பின்னால், கொட்டகையிலே, கயிற்றிலே கட்டிக் கிடக்கிறது! காலையிலே கறக்கும் நாலு லிட்டர் பால்தான் அவன் வீட்டு அரிசி, பருப்பு. நாலு வெள்ளாடுதான் அவன் மகளின் கலியாணச் செலவு, திடீரென்று வந்து நிற்கும் ஆஸ்பத்திரிச் செலவு. மாடு என்ற சொல்லுக்கே செல்வம் என்று பொருள் வைத்த மொழி நம் மொழி. பொருத்தமில்லாமலா வைத்தார்கள்?

ஆனால் அந்தச் செல்வத்துக்கு ஓர் ஆபத்து உண்டு. பாங்கியிலே போட்ட பணத்துக்குக் காய்ச்சல் வராது. கொட்டகையிலே கட்டிய பணத்துக்கு வரும்! மாலையிலே அசை போட்டுக்கொண்டிருந்த மாடு மறுநாள் எழுந்திருக்காது. அடைப்பான், சப்பை நோய், கோமாரி, துள்ளுமாரி, ஆட்டுக்கொல்லி! பெயரைக் கேட்டாலே குடியானவன் குலை நடுங்கும். இந்தப் பட்டியலிலே ஒரு காலத்தில் முதலிடம் பிடித்திருந்த பெயர் ஒன்று உண்டு: வெக்கை நோய். இன்று அந்தப் பெயர் பட்டியலிலேயே இல்லை. அது எப்படி ஒழிந்தது, யாரால் ஒழிந்தது என்பதை நாம் தெரிந்துகொள்ள வேண்டும். தெரிந்தால், மாட்டு டாக்டர் என்று சிரிக்க உதடு வராது.

வெக்கை புகுந்த ஊரிலே தொழுவம் சுடுகாடாகும். முதலில் காய்ச்சல், பிறகு வாயெல்லாம் புண், பிறகு நிற்காத கழிச்சல், சில நாளில் சாவு. ஐரோப்பாவை அது ஆட்டிப் படைத்தபோது, பிரெஞ்சு நாட்டிலே லியோன் நகரத்தில் 1761-ஆம் ஆண்டு கால்நடை மருத்துவத்துக்கென்று ஒரு பள்ளியை நிறுவினார்கள். உலகத்திலே அதுதான் முதல் பள்ளி. 1890-களில் ஆப்பிரிக்காவின் கிழக்கிலும் தெற்கிலும் வெக்கை புகுந்தது. பத்து மாட்டிலே எட்டு, ஒன்பது என்று வாரிக்கொண்டு போயிற்று. மாடு போயிற்று, உழவு போயிற்று, பால் போயிற்று; பஞ்சம் வந்தது; மாட்டோடு மனிதனும் மடிந்தான்.

அந்தக் கொடுநோயை எதிர்த்து இந்தியாவிலே 1954-இல் தடுப்பூசித் திட்டம் தொடங்கிற்று. நாற்பது ஆண்டுக் காலம் போர். 1995-க்குப் பிறகு வெக்கை இந்நாட்டிலே தலைகாட்டவில்லை. அத்தோடு விட்டார்களா? இல்லை. தடுப்பூசியை நிறுத்திவிட்டு, எங்கேனும் ஒளிந்திருக்கிறதா என்று ஊர் ஊராகத் தேடினார்கள். 2006-இல் இந்தியா வெக்கை நீங்கிய நாடு என்று உலகக் கால்நடை நல அமைப்பு ஒப்பிற்று. 2011-இல் உலகத்திலேயே வெக்கை இல்லை என்ற அறிவிப்பு வந்தது. பெரியம்மைக்குப் பிறகு மனித குலம் பூண்டோடு ஒழித்த இரண்டாவது நோய் அது! பெரியம்மை ஒழிந்த கதை பள்ளிப் பிள்ளைக்கும் தெரியும். வெக்கை ஒழிந்த கதை எத்தனை பேருக்குத் தெரியும்?

யார் சாதித்தது இதை? முக்தேஸ்வர் மலையிலே 1920-களில் ஆட்டுத் திசுவிலிருந்து தடுப்பூசி கண்ட ஆய்வாளர்களுக்குப் பங்கு உண்டு. கென்யா நாட்டு ஆய்வுக்கூடத்திலே அதைவிட மேலான தடுப்பூசி கண்ட வால்ட்டர் பிளௌரைட்டுக்குப் பங்கு உண்டு. 1932 முதல் கால்நடைத் தடுப்பு மருந்துகளைச் செய்து தரும் நம் இராணிப்பேட்டை நிலையத்துக்குப் பங்கு உண்டு. ஆனால் கண்ணாடிக் குப்பியிலே இருக்கும் மருந்து, தானே நடந்து தொழுவத்துக்குப் போகுமா? ஐஸ் பெட்டியிலே அதை வைத்து, சைக்கிளிலே ஏற்றி, வண்டி போகாத ஊருக்கு வரப்பிலே நடந்து, உதைக்கும் மாட்டைப் பிடித்து ஊசி போட்டவர் யார்? அரசாங்கக் கால்நடை மருத்துவரும் அவர் உதவியாளருமல்லவா! அவர்களுக்குச் சிலை இல்லை, சாலைக்குப் பெயர் இல்லை, ஒரு மாலைகூட இல்லை.

"அரசாங்கம் எதற்கு இதிலே? தனியார் பார்த்துக்கொள்ளட்டுமே!" என்கிறார்கள் சில மேதாவிகள். தனியார் மருத்துவர்மீது நமக்குப் பகை இல்லை. திறமைசாலிகள் பலர் அங்கே உண்டு. ஆனால் ஒன்று கேட்கிறோம். அவர் அழைத்த வீட்டுக்குப் போவார். அழைக்காத வீட்டுக்குப் போவாரா? அரசாங்க மருத்துவர் அழைக்காத வீட்டுக்கும் போயாக வேண்டும்! அதுதான் வேறுபாடு, அதிலேதான் இருக்கிறது ஊரின் உயிர்.

எப்படி என்கிறீர்களா? கோமாரி வேலி தாண்டும். எச்சிலிலே வரும், தீவனத்திலே வரும், சந்தைக்குப் போன வண்டிச் சக்கரத்திலே வரும், காற்றிலும் வரும். காசு கொடுத்து ஊசி போட்ட பத்து வீடு இருந்து என்ன பயன், காசில்லாத பதினோராவது வீட்டிலே நோய் குடியிருந்தால்? ஒருவனை விட்டுவிட்டு ஊரைக் காக்க முடியாது என்று நோயே பாடம் நடத்துகிறது. விலைக்கு விற்கலாம் வைத்தியத்தை. காவலை விற்க முடியாது. எல்லோருக்கும் கொடுத்தால்தான் அது காவல்!

2022-ஆம் ஆண்டை மறக்கலாமா? தோல் கழலை நோய் ராஜஸ்தானத்திலும் குஜராத்திலும் புகுந்து சூறையாடிற்று. லட்சத்துக்கு மேல் மாடுகள் அந்த ஓராண்டில் நாட்டிலே மாண்டன. புதுநோய் வாசலிலே வந்து நிற்கும்போது, "மருத்துவரைத் தேடு, மருந்தைத் தேடு" என்று ஓடுவது, வீடு பற்றியபின் கிணறு தோண்டுவதல்லவா!

"மனிதனுக்கே மருந்து போதவில்லை, மாட்டுக்கு என்ன அவசரம்?" என்று கேட்பாரும் உண்டு. வெறிநாய்க்கடி எங்கிருந்து வருகிறது? அடைப்பான் எங்கிருந்து வருகிறது? மாட்டுக்குக் கருச்சிதைவை உண்டாக்கும் கிருமி, காய்ச்சாத பாலின் வழியே மனிதனுக்குக் காய்ச்சலாக வருவது தெரியாதா? நாய்க்கு ஊசி போடுகிறவர், தெருவிலே விளையாடும் குழந்தையைக் காக்கிறார். தொழுவத்திலே நிற்பவர், நம் அடுப்படியைக் காக்கிறார். மாட்டு மருத்துவம் தனி, மனித மருத்துவம் தனி என்று கோடு போட்டவர்கள் நாம். கிருமி அந்தக் கோட்டை ஒப்புக்கொள்ளவில்லை!

நோய் தீர்ப்பது மட்டும்தானா அவர் வேலை? இல்லை. வாயில்லா உயிருக்கு வழக்காடும் வக்கீலும் அவரே. மிருகவதைத் தடுப்புச் சட்டம் 1960-இல் வந்தது. மாட்டை வண்டியிலே ஏற்றுமுன் பயணத்துக்குத் தகுதியானது என்று மருத்துவர் சான்று தரவேண்டும், ஒரு லாரியிலே ஆறு மாட்டுக்கு மேல் ஏற்றக்கூடாது என்பது 1978-ஆம் ஆண்டு விதி. அறுப்புக் கூடத்திலே ஒரு மருத்துவர் மணிக்குப் பன்னிரண்டு, நாளுக்குத் தொண்ணூற்றாறு உருப்படிக்கு மேல் சோதிக்கலாகாது, சினை மாட்டை அறுக்கலாகாது என்பது 2001-ஆம் ஆண்டு விதி. வாடிவாசலுக்கு முன்னால் ஏறுதழுவும் காளையைச் சோதித்து அனுப்புபவரும் அவர்தான்.

இத்தனை விதிக்கும் உயிர் எதிலே இருக்கிறது? அந்த மருத்துவர் "முடியாது" என்று சொல்லும் ஒரு சொல்லிலே! நொண்டி மாட்டை ஏற்றாதே, முடியாது. போதை ஏற்றிய காளையை அவிழ்க்காதே, முடியாது. இந்தச் சொல்லைச் சொல்லிவிட்டு அவர் நிம்மதியாக வீடு திரும்ப முடிகிறதா? வியாபாரி முறைக்கிறார், விழாக் குழுவினர் மிரட்டுகிறார்கள், 'பெரிய இடத்திலிருந்து' போன் வருகிறது. தோழர்களே, வெளிப்படையாகவே சொல்கிறோம்: கொடி கட்டிய வண்டியிலே போய் இறங்கி, "நம்ம ஆள், ஒரு கையெழுத்துப் போடுங்க" என்று கேட்பவன் எவனாயினும், எந்தக் கொடியாயினும், அவன் அந்தக் கொடிக்கு இழுக்குத் தேடுகிறான். அந்தக் கையெழுத்து மருத்துவருடைய சொத்தல்ல, மக்களுடைய சொத்து.

குறை இல்லாத மருத்துவரே இல்லை என்று நாம் வாதாடவில்லை. நேரத்துக்கு வராதவர் உண்டு; இலவச ஊசிக்குக் கை நீட்டுபவர் உண்டு. அவர்களைத் தட்டிக் கேட்போம். ஆனால் மூன்று மருந்தகத்தை ஒருவர் தலையிலே சுமத்திவிட்டு, "ஏன் மூன்றிலும் இல்லை?" என்று கேட்பது நீதியாகாது.

ஆளுவோரிடம் நாம் கேட்பது என்ன? ஐயாயிரம் கால்நடை அலகுக்கு ஒரு மருத்துவர் வேண்டும் என்று தேசிய விவசாயக் கமிஷன் 1976-லேயே சொல்லிவிட்டது. அந்த அளவுகோலை எடுத்து ஒன்றியம் ஒன்றியமாக அளந்து, காலி இடங்களை நிரப்புங்கள். குப்பி கெடாமல் வைக்கக் குளிர்பெட்டி, ஓட வண்டி, உடன் நிற்க உதவியாளர் கொடுங்கள். நோய் பரவாதிருக்க ஏழையின் ஆட்டையோ கோழியையோ கொல்ல நேர்ந்தால், இழப்பீட்டை உடனே கையிலே கொடுங்கள்.  இழப்பீடு தாமதித்தால் ஏழை நோயை மறைப்பான். அவன் மறைத்தால் ஊரே அழியும்.

தோழர்களே, உங்களுக்கும் வேலை உண்டு. கோமாரியையும் ஆட்டுக்கொல்லியையும் 2030-க்குள் வெல்வது என்று இலக்கு வைத்திருக்கிறார்கள். ஊரிலே தடுப்பூசி முகாம் என்று தண்டோரா கேட்டால், உங்கள் மாட்டை மட்டும் ஓட்டிப் போகாதீர்கள். கைம்பெண் வீட்டுப் பசுவையும், வேலைக்குப் போய்விட்டவன் வீட்டு ஆட்டையும் சேர்த்து ஓட்டிப் போங்கள். ஊசி போட்டால் பால் வற்றும் என்று வதந்தி பேசுவோரிடம் வெக்கையின் கதையைச் சொல்லுங்கள். படிப்பகத்திலே மருத்துவரை அழைத்துப் பேச வையுங்கள். முன் வரிசையிலே நாற்காலி போடுங்கள்.

ஒழிந்துபோன நோய்க்கு ஓலம் இல்லை. அதனால் அதை ஒழித்தவருக்கு விளம்பரமும் இல்லை. சாகாத மாடு செய்தியாவதில்லை. ஆனால் அந்தச் சாகாத மாடு கறந்த பாலைக் குடித்துத்தான் நம் பிள்ளைகள் பள்ளிக்கூடம் போகிறார்கள். அதை மறவாதவர் மாட்டு டாக்டர் என்று இனி சொல்லும்போது, சிரிப்போடு சொல்லமாட்டார். எழுந்து நின்று சொல்வார்!